சரி அண்ணாச்சி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், அவர் முதலில் விசாரிப்பது நாற்காலியைப் பற்றித்தான். "இரும்பா, பிளாஸ்டிக்கா?" என்பார். "பிளாஸ்டிக்குன்னா நான் நின்னுக்கிடுதேன். உங்களுக்கு எதுக்கு வீண் சேதாரம்?" இருக்கிறவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கிறவரை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். முடிந்த பிறகுதான் உள்ளே வருவார்.

இப்போது கொஞ்சம் திருந்திவிட்டார் என்று வையுங்கள். நான் சொல்ல வந்தது திருந்தாத காலத்து மனிதரை. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. சினிமாவில் அவர் பேர் ஓடுகிற நேரத்தில் ஜனம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். ஆனால் ஆளைக் காட்டினால் "அட, நம்ம நாற்காலி!" என்பீர்கள். ஒரு படத்தில், கல்யாணப் பந்தியில், வாய் நிறைய ஜாங்கிரியோடு, பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலும் விரிந்து மல்லாக்க விழுவாரே, அவரேதான். கண்ணை மூடித் திறக்கிறதற்குள் முடிந்துபோகிற சீன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ படங்களில் தலையைக் காட்டியிருக்கிறார். அதெல்லாம் ஒருத்தருக்கும் நினைவில்லை.

நான் தென்காசியில் ஒரு லேப்பில் கவுண்டரில் இருக்கிறேன். ரத்தம், மூத்திரம் பார்க்கிற லேப். பில் போடுவது, டோக்கன் கொடுப்பது, வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் "ரெண்டே ரெண்டு வடைதான் தின்னேன்" என்று வந்து நிற்கிற கனவான்களை வைது திருப்பி அனுப்புவது, எல்லாம் என் உத்தியோகம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் எங்கள் ஊர்க்காரர்தான். சின்ன வயதிலேயே நடிக்கப் போகிறேன் என்று சென்னைக்குப் போனவர். அங்கே வேலை குறைந்துபோக, குத்துக்கல்வலசையில் ஒரு வீடு பிடித்துத் தனியாகக் குடியிருந்தார். மாடி வீடு வாடகை கம்மி என்று சொன்னதற்கு, "நான் மேல இருந்தா கீழ இருக்கவுக நிம்மதியாத் தூங்க முடியுமா?" என்று கீழ்வீட்டையே கேட்டு வாங்கினாராம். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "மணவறை தாங்காது" என்று முடித்துவிடுவார். குற்றாலத்துக்கு ஷூட்டிங் வருகிற கூட்டம் எல்லாம் வந்து இறங்கியதும் அவரைக் கூப்பிடும். அருவி, மலை, மேகம், பிறகு இவர். எந்தப் படமானாலும் இவருக்கு ஒரே வேலை. கட்டில் உடையும், இவர் விழுவார். படகு கவிழும், இவர் விழுவார்.

மெயின் அருவியில் குளிக்கப் போனாலும் சும்மா இருக்க மாட்டார். "ஒதுங்குங்கய்யா, அணைக்கட்டு வருது! கீழ இருக்கவுகளுக்கு இனிமே தண்ணி கிடையாது!" என்று தானே சத்தம் போட்டுக்கொண்டு போவார். ஆட்டோவில் ஏறுமுன் டயரைத் தட்டிப் பார்ப்பார். அடுத்தவன் வாயைத் திறக்குமுன் இவர் திறந்துவிட வேண்டும். அதில் மட்டும் மனிதர் தோற்றதே இல்லை.

இலஞ்சியில் என் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அவரும் வந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் இளவட்டப் பயல்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரைச் சூழ்ந்துவிட்டான்கள். "அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை விழுந்து காட்டுங்க. ரீல்ஸ் போடணும்." நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நாற்காலியாலேயே நாலு போட்டிருப்பேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழுந்தார். வீடியோக்காரன், "அண்ணாச்சி, மூஞ்சில வெளிச்சம் விழல, இன்னொரு தடவை" என்றான். இன்னொரு தடவையும் விழுந்தார். மண்டபமே கைதட்டியது. மணப்பெண் சிரித்த சிரிப்பில் கண்மை கரைந்து ஓடியது.

கை கழுவப் போன இடத்தில் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

"ஏன் அண்ணாச்சி, முடியாதுன்னு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு? ஊருக்கெல்லாம் பேசுத வாய் எங்கன போச்சு?"

"நான் விழலைன்னா சிரிக்காம இருப்பானுவளா? நடையைப் பாத்துச் சிரிப்பானுவ. திங்கதைப் பாத்துச் சிரிப்பானுவ. நானே விழுந்துட்டா, நான் சிரிக்க வச்சதா ஆயிருதுல்லா?"

"இடுப்பு போச்சே?"

"இடுப்பா? அது எங்கன இருக்குன்னு நானே பாத்து வருசம் ஆச்சு" என்றார். அந்த வலியிலும் முந்திக்கொண்டார் பாருங்கள்.

அந்த இடுப்புதான் அவரை எங்கள் லேப்புக்குக் கொண்டுவந்தது. டாக்டர் எலும்பைப் படம் எடுத்ததோடு, ரத்தத்தையும் பார்த்துவிடச் சொல்லியிருந்தார். வந்தார். வாசலில் நின்றார். எங்களிடம் சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு பெஞ்சுதான். தட்டிப் பார்த்தார். "இது தாங்கும். பரம்பரைப் பகை எதுவும் இல்லைன்னா தாங்கும்" என்று உட்கார்ந்தார். சுகர் டெஸ்ட்டுக்கு வந்திருந்த கிழவர்கள் எல்லாம் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்கள்.

ரத்தம் எடுக்கிற அறை என் கவுண்டருக்குப் பின்னால்தான். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. உள்ளே பேசுவது முழுவதும் எனக்குக் கேட்கும். கேட்காவிட்டால் எழுந்து போய்க் கேட்பேன். உள்ளே சுகந்தி. செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, அம்மா மலையாளம். நாற்பது வயதாகிறது. கல்யாணம் ஆகி வருடம் திரும்புமுன் தாய்வீட்டுக்கு வந்துவிட்டவள். ஏன் என்று கேட்டால் "சரிப்படலக்கா" என்பாள், அதற்குமேல் ஒரு சொல் வராது. வயசுப் பையனோ கிழவரோ, எதிரே உட்காருகிற ஆம்பிளை எல்லாம் அவளுக்கு அண்ணாச்சிதான். ஊசி குத்துமுன் அண்ணாச்சி, குத்திய பின் அண்ணாச்சி.

"நரம்பெல்லாம் கிடைக்காதும்மா" என்று உள்ளே இவர் ஆரம்பித்தார். "ரொம்ப ஆழத்துல இருக்கு. போர் போடுத லாரியை வரச் சொல்லு."

ரப்பரை இறுக்குகிற சத்தம்தான் வந்தது.

"இது கைதான், கேட்டியா. தொடைன்னு நெனச்சிராத."

"அண்ணாச்சி, பேசாம இருங்க. பேசினா நரம்பு நழுவுது."

"தமாஷும்மா."

"தெரியுது அண்ணாச்சி. எனக்குச் சிரிப்பு வரல. எதுக்கு உங்களை நீங்களே வைஞ்சுக்கிடுதிய?"

ரத்தம் எடுத்து முடித்து, "மதி" என்றாள் அவள். போதும் என்பதற்கு அவள் அம்மா சொல்லுகிற வார்த்தை. மனிதர் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த கிழவர்கள் அடுத்த வேடிக்கைக்காக வாயைத் தயாராக வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இவர் அவர்கள் பக்கமே திரும்பாமல், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

எனக்கு அன்றைக்கே பொறி தட்டியது.

அதன் பிறகு அவருக்கு வராத நோய் இல்லை. தலை சுற்றுகிறது, ரத்தம் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போகிறது, ரத்தம் பார்க்க வேண்டும். கடைசியில் சுகரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு தரிசனம். முதல் நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, காலையில் நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போது வந்து நிற்பார். வயிறு கத்துகிற சத்தம் பிளைவுட்டைத் தாண்டி எனக்குக் கேட்கும். காதலுக்காகக் கையை அறுத்துக்கொண்டவனைப் பார்த்திருக்கிறேன். காதலுக்காகப் பட்டினி கிடந்தவர், அதுவும் அந்த உடம்போடு கிடந்தவர், எனக்குத் தெரிந்து இவர் ஒருத்தர்தான்.

ஆனால் பாவம், உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சுகர் நார்மல். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போகும். "கொஞ்சம் கூடக்குறைய இருந்தாத்தான் என்ன? ஒரு மரியாதைக்காவது?" என்பார். மற்றவர்கள் அந்த ரிப்போர்ட்டுக்காக சங்கரநயினார் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார்கள்.

ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, உங்களுக்குச் சுகரும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. யாரைப் பாக்க வாறிய?"

"உங்க பெஞ்சைத்தாம்மா. இவ்வளவு உறுதியான பெஞ்சை நான் மெட்ராஸ்லகூடப் பாத்ததில்ல."

"பெஞ்சையா? அப்ப இனிமே உங்களுக்கு நானே ரத்தம் எடுக்கேன்" என்றேன்.

அரண்டுபோய்விட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "அவ என்னை அண்ணாச்சின்னுல்லா கூப்பிடுதா? அதை நான் எப்படி எடுத்துக்கிட?"

அந்தக் குரலில் தமாஷ் இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதனால் யாரிடமும் சொல்லாத கதையை அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அம்மா என்னைத்தான் கடைக்கு அனுப்புவாள். "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு. அண்ணாச்சி, கடுகு." இப்படிக் கூப்பிட்டுக்கொண்டே போய், அந்த அண்ணாச்சியையே கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்றைக்குக்கூட, "அண்ணாச்சி, மாலை நழுவுது" என்று சொல்லிவிட்டேன். ஐயர் திரும்பிப் பார்த்தார். இந்த ஊரில் அண்ணாச்சி என்பது மரியாதை, அவ்வளவுதான். அதற்குள் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

"நெசமாவா?" என்றார். அன்றைக்கு அவர் மெஸ்ஸில் நெய்த்தோசை தின்றதாகக் கேள்வி.

ஆனாலும் கேட்கத் தைரியம் வரவில்லை. மாதங்கள் ஓடின. கையில் ஊசிக் குத்துகள் கூடினதுதான் மிச்சம். உள்ளே போனால் தமாஷ் பேசுவார். அவள் சிரிக்க மாட்டாள். நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லுவாள். "நேத்து டிவில உங்க படம் பாத்தேன் அண்ணாச்சி. விழுததுக்கு முன்னால அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஜாங்கிரியைப் பிச்சுக் குடுத்திய பாருங்க, அது நல்லா இருந்துச்சு." இத்தனை வருடத்தில் அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்று என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் தம்பி வந்து சேர்ந்தது. தாடி, ஜோல்னாப் பை, ரொம்ப மெல்லிசான குரல். சின்னப் படம். சீசன் இல்லாத காலமாகப் பார்த்து வந்திருந்தது, ரூம் வாடகை குறைவு என்று. ஐந்தருவியில் ஐந்தும் சேர்ந்தால் ஒரு அருவிக்குக் காணாது, குழாய் கசிகிற மாதிரி வடிந்துகொண்டிருந்தது. "இதுதான் மூட்" என்றது தம்பி. தனியாக வாழ்கிற ஒரு குண்டு நடிகருக்கு, ரத்தம் எடுக்கிற பெண் மேல் வருகிற காதல். அதுதான் கதை. யாரிடம் கேட்டு எழுதியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இவர் ஹீரோ.

"இதுல நான் விழவே இல்லை, கேட்டியா" என்றார் என்னிடம். "சும்மா நடக்கேன். டீ குடிக்கேன். ஜன்னல் வழியாப் பாக்கேன். அதையே ஒரு மணி நேரம் எடுக்கான்."

"அதை எவன் உக்காந்து பாப்பான்?"

"அதான் எனக்கும் தெரியல. ஆனா விழல."

லேப் முதலாளிக்கு சினிமா என்றால் பித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி சீன் எடுக்க லேப்பைத் திறந்துவிட்டுவிட்டார். சாவி என்னிடம், அதனால் நானும் போனேன். பார்த்தால், நடிக்க வேண்டிய சென்னைப் பெண், பழைய குற்றாலத்தில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டு ரூமில் கிடக்கிறது. விழுவதற்கென்றே பிறந்த ஒருத்தர் இங்கே இருக்க, அந்தப் பிள்ளை எதற்கு விழுந்ததோ. டைரக்டர் தம்பி தாடியைச் சொறிந்துவிட்டு, கருவிகளை எடுத்துக்கொடுக்க வந்திருந்த சுகந்தியைப் பார்த்தது. "மேடம், உங்க கையும் குரலும் மட்டும் போதும். முகம் வேண்டாம். முகம் தெரியாம இருந்தா இன்னும் ஆழமா இருக்கும்." ஆள் கிடைக்காவிட்டால் அதற்குப் பேர் ஆழம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சுகந்தி முடியாது என்றாள். முதலாளி சொன்னார், நான் சொன்னேன். இவர் மட்டும் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மூஞ்சி தெரியக்கூடாது. சும்மா சும்மா குத்தவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

வசனம் ரொம்பச் சின்னது. அவள் அவர் கையில் ரப்பரைக் கட்ட வேண்டும். அவர், "காலம் பூரா என்கூட இருந்துக்கிடுதியா?" என்று கேட்க வேண்டும். அவள் "சரி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் படம். கேமரா அவர் முகத்தைப் பார்த்து நின்றது.

கேட்டார். அவள், "சரி அண்ணாச்சி" என்றாள்.

லைட் பிடிக்கிற பையனிலிருந்து டீ கொண்டுவந்தவர்வரை உருண்டு உருண்டு சிரித்தார்கள். டைரக்டர் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "மேடம், வெறும் சரி போதும்" என்றது. மறுபடி எடுத்தார்கள். "சரி அண்ணாச்சி." மறுபடி. "சரி..." என்று நிறுத்தினாள். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். "...அண்ணாச்சி." தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் வழக்கம்போல முந்திக்கொண்டார். "விடுங்க தம்பி. இந்த உடம்பைப் பாத்தா எந்தப் பொம்பளைக்கும் அண்ணாச்சின்னுதான் வரும். அப்பான்னு சொல்லாம விட்டாளே!" அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் சுகந்தியைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிடுகிற சாக்கில் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "ஏட்டி, அந்த ஒத்தை வார்த்தையை முழுங்கித் தொலையேன்."

கொடுத்த தண்ணீரை அவள் குடிக்கவில்லை. "முழுங்கத்தான்க்கா பாக்கேன். தனியா இருக்கவளுக்கு அந்த வார்த்தை ஒரு காவல்க்கா. அதைச் சொல்லிட்டா எவனும் ஒரு எட்டுத் தள்ளி நிப்பான். அதை விட்டுட்டுச் சொன்னா..."

"சொன்னா?"

"நெசமாச் சொல்லுத மாதிரியே இருக்கு."

எனக்கு வாயடைத்துப்போனது. எனக்கே வாயடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் போய் உட்கார்ந்தாள். ரப்பரைக் கட்டினாள். "காலம் பூரா என்கூட இருந்துக்கிடுதியா?" என்று அவர் கேட்டார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து, "சரி" என்றாள்.

வேறு ஒன்றும் வரவில்லை. இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதில் நடிப்பும் இல்லை, கேலியும் இல்லை. இத்தனை காலமும் எங்கே ஒளித்து வைத்திருந்தார் அந்த முகத்தை? டைரக்டர் தம்பி கட் சொல்லவே மறந்துவிட்டது. நான் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம், அழுதேன்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். பிறகு ஒரு காலையில் புதுச் சட்டையும் திருநீறுமாக வந்தார். நாற்காலி விசாரணை இல்லை. கவுண்டரில் குனிந்து, "இன்னைக்குக் கேட்டுருதேம்மா" என்றார்.

"கேக்கதுக்கு மட்டும் வாயைத் திறங்க அண்ணாச்சி. வேற எதுக்கும் திறக்காதிய. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

உள்ளே போனார். நான் பில் போடுவதை நிறுத்திவிட்டுத் தடுப்பில் காதை வைத்தேன்.

"வாங்க" என்றாள் சுகந்தி. "உக்காருங்க. புதுச் சட்டையா? நல்லா இருக்கு. ராத்திரி சாப்பிடாமயா கிடந்திய? கையை நீட்டுங்க."

ஒரு இடத்தில்கூட அண்ணாச்சி இல்லை. இனி அவர் கேட்கக்கூட வேண்டாம், சும்மா கையை நீட்டினால் போதும். அந்தக் கையோடு அவளும் வந்துவிடுவாள். கேளும், கேளும் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

அவருக்கும் விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வினை. மனிதர் பயந்துபோனார். அவரிடமிருந்து வந்தது ஒரு சிரிப்பு. "என்ன தங்கச்சி, அண்ணாச்சியை அம்போன்னு விட்டுட்ட? ஒரு படத்துல நடிச்ச உடனே மரியாதை போயிட்டோ?"

உங்கள் ஊரில் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அண்ணாச்சி என்பது தெருவில் கிடக்கிற வார்த்தை. யாரும் யாரையும் கூப்பிடலாம், கூப்பிட்ட பிறகு கட்டிக்கொள்ளவும் செய்யலாம். தங்கச்சி அப்படி இல்லை. ஒரு ஆம்பிளை ஒருத்தியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான் என்றால் முடிந்தது. அதற்குமேல் அவன் அவளுக்குச் சீர்வரிசை செய்ய வேண்டியதுதான்.

பிறகு சுகந்தியின் குரல், எப்போதும் போல. "கையை இறுக்கி மூடுங்க அண்ணாச்சி."

வெளியே வந்தவரைப் பெஞ்சில் உட்காரவே விடவில்லை நான். "உங்க வாயில கொள்ளியைத்தான் வைக்கணும்! என்ன சொல்லிட்டு வாறிய?"

"தமாஷுக்குச் சொன்னேன்" என்றார். நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அவ தமாஷுக்கா பேசினா?"

பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் படியிறங்கினார். சாப்பிட்டுவிட்டு இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்க அன்றைக்கு அவர் வரவில்லை. அந்த வாரமே, டப்பிங் வேலை என்று சென்னைக்கு ரயிலேறிவிட்டார். குத்துக்கல்வலசை வீட்டைக் காலி செய்யவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. சுகந்தி அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஷட்டரைத் தூக்கியதும் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் அவரை மனதார வைதேன்.

ஆறேழு மாதம் கழித்து, டைரக்டர் தம்பி என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியது. ஏதோ பட விழாவில் படத்தைப் போட்டார்களாம், கடைசி சீனுக்கு ஜனம் என்ன செய்தது என்று பார்க்கச் சொல்லி. மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். சுகந்தியும் நானும் கவுண்டரில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். திரையில் இவர் முகம். "காலம் பூரா என்கூட இருந்துக்கிடுதியா?" சுகந்தியின் குரல், "சரி அண்ணாச்சி." அரங்கம் வெடித்துச் சிரித்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. படமும் அதோடு முடிந்துவிட்டது.

சுகந்தி என்னைப் பார்த்தாள். "நான் கடைசியாச் சொன்னது எங்கேக்கா?"

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நானும் அந்த டேக்தான் வச்சிருந்தேன்க்கா. சார்தான் எடிட்டிங்ல வந்து உக்காந்து, அதைப் போடாத, சிரிப்பு வருததைப் போடுன்னு கெஞ்சினார்" என்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உடனே அவருக்குப் போனைப் போட்டேன். எனக்குக் காதில் வைத்துப் பேசுகிற பழக்கம் கிடையாது, எப்போதும் ஸ்பீக்கர்தான். எடுத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா அண்ணாச்சி? அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னதைத் தூக்கிக் கடாசிட்டு, ஊர் சிரிக்கதைப் போடச் சொன்னிய பாருங்க. இன்னும் எத்தனை பேரு சிரிச்சா உங்களுக்குப் போதும்?"

வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வேறு யாரோ பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"அது படத்துக்குச் சொன்னது இல்லம்மா. எனக்குச் சொன்னது. அதை எதுக்கு ஊருக்குக் காட்டணும்? தம்பிகிட்ட கேட்டு அதை மட்டும் என் போன்ல வாங்கி வச்சிருக்கேன். தினம் பாக்கேன்."

"அப்புறம் எதுக்கு அன்னைக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னிய?"

"அவ வேண்டாம்னு சொல்லிருவாளோன்னு பயந்துட்டேன். அவ சொல்லுததுக்கு முன்னால நானே சொல்லிட்டா வலிக்காதுன்னு நெனச்சேன். வலிக்கத்தான் செய்யுது."

பக்கத்திலிருந்த சுகந்தி கவுண்டர்மேல் குனிந்தாள். போனுக்கு ரொம்பக் கிட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள்.

"இதை எதுக்கு அக்காகிட்ட சொல்லுதிய? வந்து எங்கிட்ட சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு செருமல். அது என்ன செருமல் என்று எனக்குத் தெரியும். தமாஷுக்கு முன்னால் தொண்டையைச் சரி செய்கிற செருமல். பாவி மனுஷன், இப்போதும் எதையாவது உளறிக் கெடுத்துவிடுவாரே என்று எனக்குக் குலை பதறிவிட்டது. அவர் வாயைத் திறக்குமுன் போனைக் கட் பண்ணிவிட்டேன்.